பழ ஈயின் கண்ணும் வெளுக்காத நிறமியும்: முதுகெலும்பற்ற உயிர்களின் காட்சி நிறமி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் கண்ணில் உள்ள காட்சி நிறமி ஒளி பட்டதும் வெளுத்துவிடும். ஈ, கணவாய், குதிரைலாட நண்டு போன்றவற்றில் அது பெரும்பாலும் வெளுப்பதில்லை. இன்னொரு நிறத்துக்கு மாறி அப்படியே நிற்கும்; தகுந்த ஒளி மறுபடி பட்டால் பழைய நிலைக்குத் திரும்பும். ஈயின் கண் ஏன் சிவப்பு என்பதிலிருந்து ஆய்வகத்தில் நீல ஒளியைக் கண்டால் ஏன் கவனம் வேண்டும் என்பதுவரை, கீழே உள்ள பதில்களில் பாதி இந்த ஒரே வேறுபாட்டில் தொடங்குபவை. முதன்மை எடுத்துக்காட்டாகப் பழ ஈயை (டுரோசோபிலா மெலனோகாஸ்டர்) எடுத்துக்கொண்டுள்ளோம். இவ்வளவு நுணுக்கமாக அலசப்பட்ட பூச்சிக்கண் வேறில்லை.

காட்சி நிறமி என்பது எதனால் ஆனது?

இரண்டு பகுதிகள். ஒன்று ஆப்சின் என்ற புரதம். செல்சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும். மற்றொன்று அதன் வயிற்றுக்குள் ஒரு லைசின் அமினோ அமிலத்தோடு பிணைந்திருக்கும் ரெட்டினல் என்ற சிறு மூலக்கூறு. ஒளியை உறிஞ்சுவது ரெட்டினல்தான். எந்த அலைநீளத்தை உறிஞ்சும் என்பதைச் சுற்றியுள்ள ஆப்சின் தீர்மானிக்கிறது. இரண்டும் சேர்ந்ததுதான் ரோடாப்சின்.

எழுத்தில் ஒரு எச்சரிக்கை: ரெட்டினல் வேறு, ரெட்டினால் வேறு. முதலாவது ஆல்டிஹைடு, இரண்டாவது ஆல்கஹால், அதாவது வைட்டமின் ஏ. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதிவிட்டுப் பின்னால் குழம்புகிறவர்கள் அதிகம்.

எல்லா உயிரும் ஒரே ரெட்டினலைப் பயன்படுத்துவதில்லை. ஈக்களில் இருப்பது 3-ஹைட்ராக்சி ரெட்டினல். இதை 1983இல் ஃபோக்ட் என்ற ஆய்வாளர் காட்டினார். ஜப்பானின் டோயாமா விரிகுடாவில் கிடைக்கும் மின்மினிக் கணவாயின் ஒரே கண்ணில் மூன்று வகை ரெட்டினல்கள் உள்ளன. அவற்றால் ஆன நிறமிகளின் உச்சம் 470, 484, 500 நானோமீட்டர்.

பழ ஈயின் கண்ணில் இந்த நிறமி எங்கே இருக்கிறது?

ஒரு கூட்டுக்கண்ணில் சுமார் 750 முதல் 800 ஒம்மட்டிடியங்கள், அதாவது தனித்தனிச் சிறு கண் அலகுகள். ஒவ்வொன்றிலும் எட்டு ஒளியேற்பி செல்கள்: ஆர்1 முதல் ஆர்8 வரை. ஆர்1 முதல் ஆர்6 வரையிலான ஆறும் வெளிவட்டத்தில் நின்று ஆர்எச்1 என்ற ஒரே ரோடாப்சினை வைத்திருக்கும். நடுவில் மேலும் கீழுமாக நிற்கும் ஆர்7, ஆர்8 நிறம் பிரித்தறியும் வேலைக்கு. அவற்றின் ரோடாப்சின்கள் வேறு.

ஒவ்வொரு செல்லின் ஒரு பக்கத்திலும் பிரஷ் முடிபோல் நெருக்கமாக நுண்விரல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தொகுதிக்கு ராப்டோமியர் என்று பெயர். ஒரு செல்லில் சுமார் 30,000 நுண்விரல்கள், ஒவ்வொன்றும் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் நீளம், 50 முதல் 60 நானோமீட்டர் விட்டம். ஒரு நுண்விரலில் சுமார் 1,000 ரோடாப்சின். பெருக்கிப் பார்த்தால் செல்லுக்கு ஏறத்தாழ 3 கோடி.

ஒளி பட்ட அந்தக் கணத்தில் என்ன நடக்கிறது?

இருட்டில் ரெட்டினல் 11-சிஸ் வடிவில், நடுவே வளைந்து இருக்கும். ஒரு ஃபோட்டானை (ஒளித்துகளை) உறிஞ்சியதும் அந்த வளைவு நிமிர்ந்து முழு-ட்ரான்ஸ் வடிவம் ஆகிறது. இதற்கு ஒரு பிக்கோ விநாடிகூட ஆவதில்லை. வயிற்றுக்குள் இருந்த மூலக்கூறு நிமிர்ந்ததால் ஆப்சினும் தன் வடிவை மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. சில இடைநிலைகளைக் கடந்து மெட்டாரோடாப்சின் என்ற செயலூக்க நிலைக்கு வருகிறது. இதுவரை நம் கண்ணுக்கும் ஈயின் கண்ணுக்கும் கதை ஒன்றுதான்.

பிறகு எங்கே வழி பிரிகிறது?

மங்கிய ஒளியில் பார்க்க உதவும் நம் ராட் செல்லில் மெட்டாரோடாப்சின் நிலைக்காது. முழு-ட்ரான்ஸ் ரெட்டினல் பிணைப்பு அறுந்து வெளியேறும், நிறமி வெளுக்கும். வெளியேறிய ரெட்டினல் பக்கத்து நிறமி அடுக்குச் செல்களுக்குப் போய், நொதிகளால் மறுபடி 11-சிஸ் ஆகித் திரும்பி வரவேண்டும். வெயிலிலிருந்து சினிமா கொட்டகைக்குள் நுழைந்து கண் பழகப் பல நிமிடம் ஆவதில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

ஈயில் ரெட்டினல் ஆப்சினை விட்டு வெளியேறுவதில்லை. மெட்டாரோடாப்சின் இருட்டில் மணிக்கணக்காக நிற்கும். அது இரண்டாவது ஃபோட்டானை உறிஞ்சினால் ரெட்டினல் மறுபடி 11-சிஸ் ஆகும், ரோடாப்சின் தயார். போவதும் ஒளியால், திரும்புவதும் ஒளியால். மேலும் கீழும் தட்டக்கூடிய சுவிட்சு இது.

இரண்டு நிலைகளும் எந்த ஒளியை உறிஞ்சுகின்றன?

ஆர்எச்1இன் ரோடாப்சின் நிலை சுமார் 480 நானோமீட்டரில், அதாவது நீலத்தில், உச்சம் கொண்டது. மெட்டாரோடாப்சின் சுமார் 570 முதல் 580 நானோமீட்டரில், மஞ்சள்-ஆரஞ்சுப் பக்கம். அது உறிஞ்சும் திறனும் ரோடாப்சினைவிட ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்.

ஆகவே எந்த ஒளியை நீடித்துக் காட்டினாலும் இரண்டு நிலைகளும் ஒரு சமநிலை விகிதத்துக்கு வரும். நீல ஒளியில் ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு மெட்டாரோடாப்சின். 600 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஆரஞ்சு ஒளியில் கிட்டத்தட்ட எல்லாமே ரோடாப்சின். இந்த விகிதம் அலைநீளத்தைப் பொறுத்தது. பிரகாசம் அந்த விகிதத்தை எவ்வளவு விரைவில் எட்டுவோம் என்பதை மட்டுமே மாற்றும். சோதனைகளில் இதை மறப்பவர்கள் பலர். விளக்கை மங்கவைத்தால் மாற்றம் குறைந்துவிடும் என்று நினைத்து மணிக்கணக்காக நீல ஒளியில் ஈயை வைத்துவிடுகிறார்கள்.

ஈயின் கண் ஏன் சிவப்பாக இருக்கிறது?

ஒம்மட்டிடியங்களைச் சுற்றித் திரைபோல் இருக்கும் நிறமிகள் நீலம், பச்சை ஒளியை உறிஞ்சிப் பக்கத்து வீட்டு ஒளி உள்ளே வராமல் தடுக்கின்றன. சிவப்பை மட்டும் விட்டுவிடுகின்றன. ஓட்டைத் திரையாகத் தெரிகிற இதில் ஒரு ஆதாயம் உண்டு. எல்லாப் பக்கமும் கசிந்து வரும் நீண்ட அலைநீள ஒளியை ரோடாப்சின் கண்டுகொள்ளாது. மெட்டாரோடாப்சின் உறிஞ்சி ரோடாப்சினாகத் திரும்பும். பகல் முழுக்கப் பறந்தாலும் நிறமி தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்வது இந்தக் கசிவுதான். நெதர்லாந்தின் ஸ்டாவென்கா இதை விரிவாக ஆராய்ந்தவர்.

மெட்டாரோடாப்சின் எப்படி மின்குறியாக மாறுகிறது?

செயலூக்கம் பெற்ற மெட்டாரோடாப்சின் ஜிகியூ என்ற ஜி புரதத்தைத் தூண்டும். அது பாஸ்போலிப்பேஸ் சி நொதியைத் தூண்டும். அந்த நொதி சவ்வில் உள்ள பிப்2 என்ற கொழுப்பை வெட்டும். வெட்டுண்டதும் ட்ரிப், ட்ரிப்-எல் என்ற இரு வாய்க்கால்கள் திறந்து கால்சியமும் சோடியமும் உள்ளே பாயும். செல்லின் மின்னழுத்தம் நேர்த்திசையில் ஏறும். நம் ராட் செல்லில் இதற்கு நேர்மாறு: ஒளி பட்டால் வாய்க்கால்கள் மூடி, மின்னழுத்தம் எதிர்த்திசையில் இறங்கும்.

இந்த நொதி, வாய்க்கால், கைனேஸ் என்ற இன்னொரு நொதி மூன்றையும் ஐனாடி என்ற தாங்கு புரதம் ஒரே கொத்தாகக் கட்டி வைத்திருக்கிறது. எதிரெதிர் இருக்கையில் உட்கார்ந்தவர்கள் போல அவை கைநீட்டினால் எட்டும் தூரத்தில் இருப்பதால்தான் ஈ இவ்வளவு விரைவாகப் பார்க்கிறது. ஒரு ஃபோட்டானுக்கு ஒரு நுண்விரல் முழுதாகப் பதில் தரும். சுமார் 10 பிக்கோஆம்பியர் மின்னோட்டம், 20 முதல் 100 மில்லி விநாடித் தாமதத்தில். நம் ராட் செல் ஒரு ஃபோட்டானுக்குத் தருவது 1 பிக்கோஆம்பியர் அளவுதான், அதுவும் மெதுவாக.

கொழுப்பை வெட்டினால் வாய்க்கால் ஏன் திறக்கிறது என்பது நீண்ட வழக்கு. 2012இல் ஹார்டியும் ஃபிரான்சேயும் ஒரு எதிர்பாராத விடை தந்தார்கள்: சவ்விலிருந்து பிப்2 குறைவதால் நுண்விரல்கள் சுருங்குகின்றன, அந்த இழுவிசையும், வெட்டும்போது வெளிவரும் புரோட்டான்களும் சேர்ந்து வாய்க்காலைத் திறக்கின்றன. அணுவிசை நுண்ணோக்கியின் முனையை விழித்திரைமேல் வைத்தே அந்தச் சுருக்கத்தை அளந்தார்கள். ஈயின் ஒளியேற்பி ஒருவகையில் இழுவையை உணரும் செல்லும்தான்.

மெட்டாரோடாப்சின் மணிக்கணக்காக நின்றால், ஈ எப்போதும் ஒளியைப் பார்த்துக்கொண்டே இருக்காதா?

சரியான கேள்வி. தடுப்பது அரெஸ்டின்2 என்ற புரதம். மெட்டாரோடாப்சினோடு ஒட்டிக்கொண்டு ஜி புரதத்தை நெருங்கவிடாமல் செய்யும். நிறமி இருக்கும், குறி இருக்காது.

ஆனால் அரெஸ்டினின் எண்ணிக்கை ரோடாப்சினைவிடக் குறைவு. சுமார் 20 விழுக்காட்டுக்கு மேல் ரோடாப்சின் மாறிவிட்டால், மிஞ்சும் மெட்டாரோடாப்சினைப் பிடிக்க ஆள் இல்லை. விளக்கை அணைத்த பிறகும் செல் உச்ச மின்னழுத்தத்திலேயே நிற்கும். இதைத்தான் நீடித்த பின்மின்னழுத்தம் என்கிறோம். ஆய்வகப் பேச்சில் பிடிஏ. ஆரஞ்சு ஒளியைக் காட்டி மெட்டாரோடாப்சினைத் திருப்பினால் உடனே அடங்கும். நீலத்தில் ஏறி ஆரஞ்சில் இறங்கும் இந்த ஒரு பதிவு, கண்ணில் ரோடாப்சின் போதுமான அளவு இருக்கிறதா, அரெஸ்டின் வேலை செய்கிறதா, வாய்க்கால்கள் தாக்குப்பிடிக்கின்றனவா என்ற மூன்றையும் சில நிமிடங்களில் சொல்லிவிடும்.

பிடிஏவை எப்படிப் பதிவு செய்வது?

திரை நிறமி இல்லாத வெள்ளைக் கண் ஈ வேண்டும். வழக்கமாக டபிள்யூ1118 என்ற ஆய்வக வகை. 25 டிகிரியில் வளர்த்து, கூட்டைவிட்டு வந்து 2 முதல் 4 நாள் ஆனவை நல்லது. பனிக்கட்டியில் சில நிமிடம் மயக்கி, 200 மைக்ரோலிட்டர் பிப்பெட் முனையை நறுக்கித் தலை மட்டும் வெளியே தெரியும்படி ஈயை உள்ளே தள்ளி நிறுத்தலாம். அல்லது மெழுகால் முதுகையும் தலையையும் பிடித்துவைக்கலாம்.

இரண்டு கண்ணாடி மின்முனைகள். உள்ளே உப்புக்கரைசல், குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. ஒன்று விழிப்படலத்தின் மேல் பட்டும் படாமலும். மற்றொன்று மார்புப் பகுதியில், ஒப்பீட்டுக்கு. பெருக்கியை நேர்மின் (டிசி) இணைப்பில் வைக்க வேண்டும்; மாறுமின் (ஏசி) இணைப்பில் வைத்தால் பிடிஏ என்ற நிலையான ஏற்றமே வடிகட்டப்பட்டுக் காணாமல் போய்விடும். ஒளிக்கு 470, 590 நானோமீட்டர் எல்இடிகள் போதும், ஒளியிழையால் கண்ணருகே கொண்டுவந்தால்.

3 முதல் 5 நிமிடம் இருட்டில் வைத்தபின் 5 விநாடித் துடிப்புகளாக இந்த வரிசை: ஆரஞ்சு, நீலம், நீலம், ஆரஞ்சு, ஆரஞ்சு. முதல் ஆரஞ்சு, அறை வெளிச்சத்தில் உருவான மெட்டாரோடாப்சினைத் துடைத்துவிடும். முதல் நீலத்துக்குப் பின் கோடு அடிநிலைக்குத் திரும்பக் கூடாது. இரண்டாவது நீலத்துக்குச் சிறு அசைவு மட்டும் வரும். அது ஆர்7, ஆர்8 தருவது, ஆர்1 முதல் ஆர்6 வரை ஏற்கெனவே உச்சத்தில் இருப்பதால் புதிதாகப் பதில் தர முடியாமல் திணறி நிற்கின்றன. அடுத்த ஆரஞ்சு அணையும்போது கோடு அடிநிலைக்கு வந்துவிடும். கடைசி ஆரஞ்சுக்குச் சாதாரணப் பதில்.

ஒரு குழப்பத்தை முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். இது செல்லுக்கு வெளியே எடுக்கும் பதிவு என்பதால், செல் நேர்த்திசையில் ஏறினால் திரையில் கோடு கீழே போகும்.

நீல ஒளிக்குப் பின் கோடு உடனே திரும்பிவிடுகிறது. ஈயில் மரபுப்பிறழ்வா?

அவசரப்பட வேண்டாம். முதலில் கண்ணின் நிறத்தைப் பாருங்கள். உட்புகுத்திய மரபணுக்களோடு பெரும்பாலும் குறு-வெள்ளை என்ற அடையாள மரபணுவும் சேர்ந்தே வரும். கண் இளமஞ்சளோ ஆரஞ்சோ ஆகிவிடும். அந்தத் திரை நிறமி நீலத்தைத் தின்றுவிடுவதால் பிடிஏ வராது. நல்ல ஈயைப் பழுதுள்ளதாக எழுதிவைக்கும் பிழைகளில் இதுவே முதலிடம். ஒப்பீட்டு ஈயின் கண்ணும் அதே நிறத்தில் இருக்க வேண்டும்.

அடுத்தது தீவனம். ரெட்டினலுக்கு மூலப்பொருளான கரோட்டினாய்டை ஈயால் சொந்தமாக உருவாக்க முடியாது. மஞ்சள் மக்காச்சோள மாவு கலந்த தீவனத்தில் அது உண்டு. ஈஸ்ட்டும் சர்க்கரையும் மட்டும் கொண்ட தீவனத்தில் போதாது. அதில் தலைமுறையாக வளர்ந்த ஈக்களில் ஆர்எச்1 மிகக் குறைந்துபோகும், கண்ணின் உணர்திறன் நூறு மடங்கு, அதற்கு மேலும் சரியும். பிடிஏவும் வராது. தீவனக்காரர் மாவை மாற்றியிருக்கிறாரா என்று கேளுங்கள்.

மூன்றாவது, ஒளி போதவில்லை. 5 விநாடிக்குள் 20 விழுக்காட்டைத் தாண்ட வேண்டும். ஒளியிழை கண்ணைவிட்டு ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் வித்தியாசம் தெரியும். துடிப்பை 20 விநாடியாக நீட்டிப் பாருங்கள். அப்போது பிடிஏ வந்தால் குறை விளக்கில்.

பதிவில் வேறு என்னென்ன கெடலாம்?

ஒளி பட்ட அதே கணத்தில், தாமதமே இல்லாமல், செங்குத்துப் படிபோல் ஒரு அசைவு வந்தால் அது ஈயினுடையது அல்ல. வெள்ளி குளோரைடுக் கம்பிமேல் ஒளி படுகிறது, கம்பியை மறையுங்கள். செத்த ஈயை வைத்துப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

ஒளி தொடங்கும்போதும் அணையும்போதும் வரும் கூர்முனைகள் ஒளியேற்பியின் வேலை அல்ல. அடுத்த அடுக்கான லாமினா நரம்புகள் தருபவை. அவை மட்டும் இல்லாமல் நடுப்பகுதி நன்றாக இருந்தால், நரம்புச் சந்தியில் கோளாறு அல்லது மின்முனை மோசமான இடத்தில்.

கார்பன் டை ஆக்சைடால் நீண்ட நேரம் மயக்கினால் ஆக்சிஜன் பற்றாக்குறையில் ட்ரிப் வாய்க்கால்கள் இருட்டிலேயே திறந்துகொள்ளும். பதில் சுருங்கிப் பின் மெல்லத் தேறும். மயக்கம் தெளியப் போதிய நேரம் கொடுங்கள். கோடு ஒரே பக்கமாக நழுவிக்கொண்டே போனால் மின்முனை முனையில் உப்புக்கரைசல் காய்கிறது.

நினா, ஐனா, நார்ப்-ஏ என்ற பெயர்கள் எதைக் குறிக்கின்றன?

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் பாக்கின் ஆய்வகம் இந்தப் பிடிஏ பதிவை வைத்தே பிறழ்ந்த ஈக்களைச் சலித்தெடுத்தது. பின்மின்னழுத்தமும் இல்லை, ஆர்1 முதல் ஆர்6 வரை திணறுவதும் இல்லை என்றால் நினா, ரோடாப்சின் பற்றாக்குறை. திணறல் உண்டு, பின்மின்னழுத்தம் மட்டும் நிலைக்கவில்லை என்றால் ஐனா. வாய்க்கால் பக்கத்துக் குறை. எந்த ஒளிக்கும் பதிலே இல்லாத ஈ நார்ப்-ஏ; அதில் பழுதானது பாஸ்போலிப்பேஸ் சி என்று 1988இல் தெரிந்தது.

ட்ரிப்பின் கதை தனி. 1969இல் கோசென்ஸ், மேனிங் இருவரும் தொடர் ஒளியில் பார்வை மங்கிவிடும் ஒரு ஈயைக் கண்டார்கள். அதன் மரபணு 1989இல் பிரித்தெடுக்கப்பட்டது. அந்தக் குடும்பத்து உறுப்பு ஒன்றுதான் நம் நாக்கில் மிளகாய்க் காரத்தை உணர்வது. அதற்காக டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசின் பங்கு கிடைத்தது. காரத்தின் வாய்க்காலுக்குப் பெயர் வந்தது ஈயின் கண்ணிலிருந்து.

நீல ஒளி ஈயின் கண்ணைக் கெடுக்குமா?

வெள்ளைக் கண் ஈயை நீண்ட நேரம் வைத்தால் கெடுக்கும். நார்ப்-ஏ போன்ற பிறழ்வுகளில் சாதாரண வெளிச்சமே போதும்: அரெஸ்டினும் மெட்டாரோடாப்சினும் பிரியாத இணையாகிச் செல்லுக்குள் இழுக்கப்பட்டு, செல் சாகிறது. இவ்வகை ஈக்களை இருட்டில் வளர்த்தால் சிதைவு வெகுவாகத் தாமதமாகும். இருட்டறையில் கையாள 650 நானோமீட்டருக்கு மேற்பட்ட சிவப்பு விளக்கு வையுங்கள்.

480இல் உச்சம் என்றால், ஆர்1-ஆர்6 செல்கள் புற ஊதாவுக்கும் நன்றாகப் பதில் தருவது எப்படி?

ரோடாப்சினோடு 3-ஹைட்ராக்சி ரெட்டினால் துணையாக ஒட்டியிருக்கிறது. அது புற ஊதாவை உறிஞ்சி ஆற்றலை ரெட்டினலுக்குக் கைமாற்றுகிறது. கரோட்டினாய்டு குறைந்த தீவனத்தில் இந்தப் புற ஊதா உச்சம் மறைந்துபோகும்.

மீன் சந்தையில் கிடைக்கும் கணவாய்க் கண்ணில் இதைச் செய்து பார்க்கலாமா?

நிறமியைப் பிரித்தெடுக்கலாம். கணவாயின் நிறமியும் வெளுக்காதது என்பதால் வெளிச்சம் பட்ட கண்ணிலும் அது ரோடாப்சினும் மெட்டாரோடாப்சினும் கலந்த கலவையாக மிஞ்சும். விழித்திரையைக் குளிர்ந்த தாங்கு கரைசலில் குலுக்கி, சுமார் 40 விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் மையவிலக்கினால் நிறமி கொண்ட சவ்வுகள் மிதந்து மேலே வரும். கருந்திரை நிறமி அடியில் படியும். டிஜிட்டோனின் என்ற சவ்வுகரைப்பானில் கரைத்து உறிஞ்சுநிரலை அளக்கலாம்.

ஈயில் செய்ததுபோல் நிறத்தை வைத்து இரு நிலைகளையும் பிரிக்க இங்கே முடியாது. ஜப்பானியப் பறக்கும் கணவாயில் ரோடாப்சின் சுமார் 480 நானோமீட்டர். அமில மெட்டாரோடாப்சினும் 500 பக்கம்தான். கரைசலைக் காரமாக்கி, பிஎச் அளவை 10க்கு உயர்த்தினால் மெட்டாரோடாப்சின் 380க்குத் தாவும், கரைசல் மஞ்சளாகும். அப்போதுதான் தனித்தனியே தெரியும். இந்தக் கணவாயின் ரோடாப்சின் படிகக் கட்டமைப்பு 2008இல் வெளியானது.

கணவாய் ஒளியை மட்டும் நம்பி இருப்பதில்லை. அதன் ஒளியேற்பியின் உட்பகுதியில் ரெட்டினோகுரோம் என்ற இன்னொரு நிறமி உண்டு. 1965இல் ஹாரா இணையர் விவரித்தது. அது முழு-ட்ரான்ஸ் ரெட்டினலைப் பிடித்து, ஒளியின் உதவியால் 11-சிஸ் ஆக்கித் தருகிறது.

எல்லா முதுகெலும்பற்ற உயிர்களும் இப்படித்தானா?

இல்லை. ஸ்கால்லப் என்ற சிப்பியின் கண்ணில் இரண்டு விழித்திரை அடுக்குகள். ஒன்று ஈபோல் நேர்த்திசையில் பதில் தரும். மற்றது எதிர்த்திசையில் இறங்கும். அங்கே திறப்பவை பொட்டாசியம் வாய்க்கால்கள். மேலே நிழல் விழுந்ததும் சிப்பி சட்டென மூடிக்கொள்வது அந்த அடுக்கின் தயவால். ஒற்றை ஃபோட்டானுக்கான மின்துடிப்பு முதலில் காணப்பட்டதோ குதிரைலாட நண்டில். அந்த நண்டின் கண்ணில்தான் ஹார்ட்லைன் வேலை செய்து 1967இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

தேனீயும் மாண்டிஸ் இறாலும் எத்தனை நிறம் பார்க்கும்?

தேனீக்கு மூன்று ஏற்பிகள்: சுமார் 344, 436, 544 நானோமீட்டர். சிவப்பு அதற்கு எட்டாது. மாண்டிஸ் இறாலுக்கு நிறத்துக்கென்றே 12 வகை ஏற்பிகள் வரை உண்டு. ஆனாலும் 2014இல் பயிற்சி கொடுத்துச் சோதித்தபோது அருகருகே உள்ள நிறங்களைப் பிரிப்பதில் அது நம்மைவிட மோசம். ஏற்பிகளின் எண்ணிக்கையை வைத்து இணையத்தில் சுற்றும் வியப்புச் செய்திகளைச் சற்றுத் தள்ளியே வையுங்கள்.

முனைவாக்கிய ஒளியை (ஒரே திசையில் அதிரும் ஒளியை) பூச்சிகள் உணர்வதற்கும் நிறமிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. நுண்விரல்கள் எல்லாம் ஒரே திசையில் அடுக்கப்பட்டிருப்பதால் ரெட்டினல்களும் பெருமளவு அந்தத் திசையில் சாய்ந்து, அந்தத் திசையில் அதிரும் ஒளியைக் கூடுதலாக உறிஞ்சும். கண்ணின் மேல்விளிம்பில் தேனீயும் பாலைவன எறும்பும் இதைத் திசைகாட்டியாக்குகின்றன. கண்ணின் மற்றப் பகுதிகளில் ராப்டோமியர் நீளவாக்கில் முறுக்கிக்கொண்டு இந்த உணர்வைக் குறைத்துவிடும். இல்லாவிட்டால் இலைப்பளபளப்பு நிற அறிவைக் குழப்பும்.

நம் கண்ணில் இவ்வகை நிறமி துளியும் இல்லையா?

இருக்கிறது. 1998இல் தவளைத் தோலின் நிறச்செல்களில் மெலனாப்சின் கண்டுபிடிக்கப்பட்டது. நம் விழித்திரையிலிருந்து மூளைக்குக் குறி அனுப்பும் கேங்கிலியான் செல்களில் மிகச் சிறு பங்கினவற்றில் அது உண்டு. அமினோ அமில வரிசையில் அது நம் ராட் ரோடாப்சினைவிட ஈ, கணவாய் ஆப்சின்களுக்கு நெருக்கம். ஜிகியூ, பாஸ்போலிப்பேஸ் சி, ட்ரிப் குடும்ப வாய்க்கால் என்ற அதே சங்கிலி. செல்லும் நேர்த்திசையில்தான் ஏறுகிறது. உருவம் பார்ப்பது அதன் முதன்மை வேலை அல்ல. கண் பாவையைச் சுருக்குவதும் உடலின் நாட்கடிகாரத்தை வெளிச்சத்துக்கு ஏற்பத் திருப்பிவைப்பதும் அதன் பொறுப்பு. அதன் உச்சம் 480 நானோமீட்டர் அருகே, பழ ஈயின் ஆர்எச்1 நிற்கும் அதே இடத்தில்.